அக்கா இலையில் கத்தரிக்காய் வேண்டாம்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஷிப்டை மாற்றிக்கொண்டும் வேலைக்கு விடுப்புச் சொல்லியும் வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். பந்தியில் உட்காரும் முன் இந்தப் பக்கங்களை ஒரு முறை படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இதை நான் உங்கள் முன்னால் நின்று சொல்லியிருக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் எழுத்திலும் தப்பு வரும். அக்காவின் மகன் வேலு படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுத்தான். எழுத்தை மட்டும்தான் அவனால் திருத்த முடிந்தது.

அக்கா வடக்குப்பட்டில் பிறந்தவர். எங்கள் வீட்டில் மூத்த பிள்ளை. அப்பா குத்தகை நிலத்தில் பயிர் செய்தவர். நெல் அறுத்த பிறகு அதே நிலத்தில் கத்தரி போடுவார். நல்ல காய் சந்தைக்குப் போகும். சொத்தையும் முற்றலும் வீட்டுக்கு வரும். அதனால் எங்கள் வீட்டில் காய் என்றால் கத்தரிக்காய்தான். அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது அக்கா படிப்பை விட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தார். என்னைக் குளிப்பாட்டியது, தலை வாரியது, பள்ளிக்கூடத்துக்கு அடித்து அனுப்பியது எல்லாம் அவர்தான். நான் படிக்காததற்கு அக்கா காரணம் இல்லை.

நாங்கள் சாப்பிடும்போது அக்கா கூட உட்கார மாட்டார். "நீங்க துன்னுங்க, நான் அப்பறமா துன்றேன்" என்பார். பெண்கள் எல்லோரும் கடைசியில்தானே சாப்பிடுகிறார்கள் என்று நாங்கள் அதைப் பார்க்காமலே எழுந்து கை கழுவிவிட்டோம். அப்பா அப்படி. நானும் அப்படி.

அக்காவை ஒரகடத்தில் கட்டிக் கொடுத்தோம். மாமா லாரி ஓட்டியவர். தங்கமானவர். வேலு தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் நெஞ்சுவலி வந்து மாமா போய்விட்டார். அப்போது எங்கள் பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. அக்கா ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவச் சேர்ந்தார். கொஞ்ச நாளில் காய் நறுக்கக் கூப்பிட்டார்கள். பிறகு அடுப்புக்குக் கூப்பிட்டார்கள். கேன்டீன் எடுத்திருந்த காண்ட்ராக்டர் மாறியபோது பழைய ஆட்கள் எல்லோரையும் நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனார்கள். அக்கா வீட்டுக்குப் போகாமல் வல்லக்கோட்டை போகும் சாலையில் ஒரு தகரக் கொட்டகையைப் பார்க்கப் போனார். அதுதான் மெஸ் ஆனது.

மெஸ்ஸுக்கு வந்தவர்கள் ஒரு ஊர்க்காரர்கள் இல்லை. மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள், திருநெல்வேலிப் பிள்ளைகள், ஒடிசா, பீகார் ஆட்கள், நம் ஊர் ஆட்கள். ஒருவருக்குக் காரம் வேண்டும், ஒருவருக்குப் புளி ஆகாது, ஒருவருக்குச் சோறு இறங்காது, சப்பாத்திதான் வேண்டும். எல்லோரையும் ஒரே சமையலில் எப்படி அடக்குவது? அக்கா கண்டுபிடித்த வழி கத்தரிக்காய். காலையில் இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு. மதியம் சாம்பாரில் கத்தரிக்காய், அல்லது முழுதாக நாலாகக் கீறி மசாலா அடைத்த எண்ணெய்க் கத்தரிக்காய். வாரத்தில் ஒரு நாள் கருவாட்டுக் குழம்பில் அது இல்லாமல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளப் புளிப்பும் காரமுமாக ஒரு தொக்கு. சப்பாத்தி கேட்பவர்களுக்கு நெருப்பில் சுட்டு, தோல் உரித்து, பூண்டு வைத்து மசித்துத் தருவார். மழைக்காலத்தில் காய் விலை ஏறும் என்று வெயில் காலத்திலேயே நறுக்கி உப்புப் போட்டுத் தகரத்தின் மேல் வற்றலாகக் காய வைத்துவிடுவார்.

"இன்னாத்துல போட்டாலும் அது பாட்டுக்கு சேந்துக்கும். புளியோடவும் சேரும், பருப்போடவும் சேரும், மீனோடவும் சேரும். சண்ட போடாத காயிடா அது. நம்ம மெஸ்ஸுக்கு வர்றவனுங்க மாரி இல்ல" என்பார்.

உடம்புக்கும் நல்லது என்று விடாமல் சொல்வார். மெஸ்ஸில் சாப்பிடுபவர்களில் பல பேருக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வந்திருந்தது. நைட் ஷிப்டும் பரோட்டாவும் சேர்ந்தால் வேறு என்ன வரும்? கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டபோது ஒரு டாக்டர், நார்ச்சத்து உள்ள காய், வயிறு நிறையும், சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது, ஆனால் எண்ணெயில் முக்காதீர்கள் என்று சொன்னாராம். அன்றிலிருந்து சர்க்கரைக்காரர்களுக்கு மட்டும் ஆவியில் வேக வைத்துத் தாளித்த கத்தரிக்காய் தனியாக இருக்கும். சோற்றைக் குறைத்து அதை அள்ளி வைப்பார். என்னிடம் காய் வாங்கி வரச் சொல்லும்போது, "காம்பு பச்சையா கீதான்னு பாரு, அமுக்கினா எழும்பணும், கையில கனம் தெரிஞ்சா விதை முத்திப்போச்சுன்னு அர்த்தம், வேணாம்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

தினமும் கத்தரிக்காய் என்றால் கிண்டல் வராமல் இருக்குமா?

"இன்னாக்கா, இன்னிக்கும் கத்திரிக்காவா? அதுக்கு இன்னா தாலியா கட்டிக்கினே?"

"தாலி கட்டினவரு போய்ட்டாரு. இது கூடவே கீது. குந்து, துன்னு."

இன்னொருவன், "கத்திரிக்கா துன்னா ஒடம்பு அரிக்கும்னு எங்கம்மா சொல்லும்கா" என்பான்.

"உங்கம்மா சொன்னது சரிதான். குளிக்காம துன்னா அரிக்கும். போய் குளிச்சிட்டு வா."

கொட்டகையே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் பக்கத்துக் கம்பெனியில் தோட்ட வேலை பார்க்கிறேன். புல் வெட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது. அந்த வேலையில் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடிக்கும். வேலைக்குப் போகும் வழியில் காலையில் மெஸ்ஸில் நிற்பேன். அக்கா கரண்டியால் குழம்பை எடுத்து என் உள்ளங்கையில் ஊற்றுவார். "உப்பு பாருடா" என்பார். நான் நக்கிப் பார்த்து, சரி என்றோ ஒரு கல் குறைகிறது என்றோ சொல்வேன். நான் சொன்ன பிறகுதான் குழம்பு அடுப்பை விட்டு இறங்கும். "எங்க தம்பி நாக்கு பொய் சொல்லாது" என்று வந்தவர்களிடம் சொல்வார்.

எனக்கு என்று பெருமைப்பட வேறு எதுவும் இல்லை. படிப்பு இல்லை. பேச்சு இல்லை. என் நாக்கைப் பற்றி மட்டும் நான் பெருமையாக இருந்தேன். கல்யாணத்துக்குப் போனால் சாம்பாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் மெதுவாக, "உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்பேன். அவள் சிரிப்பாள். "உங்க அக்காதான் உன்ன ஏத்தி வுட்டுது" என்பாள்.

போன வருடம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. நம் வீட்டுச் சாப்பாடு என்றால் சாப்பிடுவார் என்று என் மனைவியைக் குழைய வடிக்கச் சொல்லி, கத்தரிக்காய் சாம்பார் ஊற்றிப் பிசைந்த சோற்றை டிபன் பாக்ஸில் எடுத்துப் போனேன். அக்கா மூடியைத் திறந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் தள்ளினார்.

"நீ துன்னுடா. உப்பு சரியா கீதா சொல்லு."

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டேன். பசி வேறு. சாப்பிட்டு முடித்து, "சரியா கீதுக்கா" என்றேன்.

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது ஒன்றிரண்டு சொற்கள்தான். இரண்டு நாளில் போய்விட்டார்.

சாவுக்கு வந்த கூட்டத்தை நீங்கள் பார்த்தீர்கள். மெஸ்ஸில் சாப்பிட்ட பிள்ளைகள் யூனிபார்மோடு வந்து நின்றார்கள். கண்ணீர் அஞ்சலி என்று பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஓரத்தில் ரோஜாப்பூ போடும் இடத்தில் ஊதா நிறக் கத்தரிக்காய் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து அழுதவர்களும் உண்டு, அழுதுகொண்டே சிரித்தவர்களும் உண்டு.

காரியத்துக்கு முதல் நாள் சாயங்காலம் படையல். போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன் இலையில் வைப்பது நம் வழக்கம். அக்காவுக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நான்தான் முந்திக்கொண்டேன். அதிகம் பேசாதவன் அன்றைக்குப் பேசினேன். முள்ளுக்கத்தரி, பச்சைக்கத்தரி, வெள்ளைக்கத்தரி என்று தேடி வாங்கி வந்தேன். எண்ணெய்க் கத்தரிக்காய், கொத்சு, தொக்கு, வற்றல் குழம்பு, சுட்ட மசியல், பஜ்ஜி எல்லாம் செய்யச் சொன்னேன். இலையில் சோறு தெரியவில்லை. வந்தவர்கள், "தம்பின்னா இப்படி இருக்கணும்" என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே சந்தோஷமாக இருந்தது.

கற்பூரம் காட்டி முடித்த பிறகு பவுனம்மா வந்தார். மெஸ்ஸில் அக்காவோடு தொடக்கத்திலிருந்து வேலை செய்தவர். பெண்ணுக்குப் பிரசவம் என்று அரக்கோணம் போயிருந்ததால் தாமதம். செருப்பை விட்டுவிட்டு நேராகப் படத்துக்கு முன் போனவர் இலையைப் பார்த்து அப்படியே நின்றார்.

"யாருப்பா வச்சது இத?"

"நாந்தாம்மா."

"எடுப்பா அத. உசுரோட இருந்தப்ப ஒரு வாய் தொட்டது இல்ல. போனப்புறமாவது நிம்மதியா துன்னட்டும்."

யாருக்கும் புரியவில்லை. பவுனம்மாதான் சொன்னார். கத்தரிக்காய் ஒரு துண்டு உள்ளே போனால் அக்காவுக்கு உதடு தடித்துவிடும். தொண்டை முழுக்க அரிக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம்.

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்று வேலு கேட்டான். பெற்ற பிள்ளை அவன்.

"எப்படிப்பா சொல்லும்? கத்திரிக்கா நல்லது, அரிக்காதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லி வித்துக்கினு இருந்துது. எனக்கே ஆவாதுன்னு சொன்னா எவன் வந்து துன்னுவான்? சமைக்கிறவ துன்னாத கொழம்ப நீ துன்னுவியா? அதான் மூச்சு வுடல."

பிறகு என்னைப் பார்த்தார். "எதுக்கு உன்ன உப்பு பாக்கச் சொல்லிச்சுன்னு நெனச்சே?"

அந்த நேரத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. ரசத்துக்கு அக்கா என்னை உப்புப் பார்க்கச் சொன்னதே இல்லை. கீரைக்குச் சொன்னதில்லை. மோர்க்குழம்புக்குச் சொன்னதில்லை. அதையெல்லாம் தன் கையிலேயே ஊற்றிப் பார்த்துக்கொண்டார். கத்தரிக்காய் போட்டதற்கு மட்டும்தான் என் உள்ளங்கை. அத்தனை வருடம் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் நின்றவன் அதைக் கவனிக்கவில்லை. என் நாக்கைப் பற்றி நினைத்துக்கொண்டே நின்றிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் என்னிடம் தள்ளிய டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்தது. அதை முழுவதும் சாப்பிட்டதும் ஞாபகம் வந்தது.

வேலு இலையை எடுக்கப் போனான். பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். கற்பூரம் காட்டிய இலையிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. அது அப்படியேதான் இருந்தது. பிறகு வழக்கப்படி குடும்பத்தார் அந்த இலையில் இருந்ததைப் பிரித்துச் சாப்பிட்டோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. உப்பு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

வருடம் திரும்புவதற்குள் அக்காவுக்கு உண்மையில் பிடித்தது எது என்று தெரிந்துகொண்டு அதை இலையில் வைத்துவிட வேண்டும் என்று எனக்குள் முடிவு செய்தேன். கேட்கத் தொடங்கிய பிறகுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. வேலு, "அம்மா எல்லாமே சாப்பிடும் மாமா" என்றான். சொல்லிவிட்டு அவனே வெளியே போய் நின்றுகொண்டான். உறவினர் ஒருவர் பாயசம் என்றார். அது சொன்னவருக்குப் பிடித்தது. இன்னொருவர் மீன் என்றார். அது அவர் வீட்டில் செய்வது. இங்கே நான் யாரையும் குறை சொல்லவில்லை. நான் யாரைக் குறை சொல்ல முடியும்? பவுனம்மாவே, "அது உக்காந்து சாப்ட்டு நான் எங்கப்பா பாத்தேன்? நின்னுகினே ரசத்த டம்ளர்ல ஊத்திக் குடிக்கும்" என்றார். அவருக்கு அக்கா எதைச் சாப்பிட மாட்டார் என்பது தெரியும். எதை விரும்பிச் சாப்பிடுவார் என்பது தெரியாது.

"மெஸ்ஸுக்கு பின்னாடி ரூம்ல இருந்தானே ஒடிசாக்காரன் ரஞ்சன், அவன கேட்டுப் பாரு. ஞாயித்துக்கெழமை மத்தியானத்துல அக்கா அங்கதான் போவும்" என்று மட்டும் சொன்னார்.

ரஞ்சன் இப்போது பென்னலூரில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் இருக்கிறார். அவர் தங்கியிருக்கும் தெரு முனை வரை ஒரு நாள் போனேன். போய், என் அக்காவுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வெளியூர் ஆளிடம் எப்படிக் கேட்பது என்று நின்றேன். டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அடுத்த வாரம் வேலு என்னைப் பைக்கில் உட்கார வைத்து அவர் வாசலிலேயே கொண்டுபோய் விட்டான்.

ரஞ்சன் தமிழ் கற்றுக்கொண்டது அக்காவிடம்தான். அதனால் அக்கா பேசுகிற மாதிரியேதான் பேசுவார்.

"அக்காக்கு இன்னா புடிக்குமா? ஆலு. உருளக்கெழங்கு. நெருப்புல சுட்டு, வெங்காயம், பச்ச மொளகா, கடுகு எண்ண பச்சையா ஊத்தி பெசையணும். தண்ணி ஊத்தின பழைய சோத்துக்கு. நாங்க கத்திரிக்கால பண்ணுவோம். அக்காக்கு தனியா கெழங்குல. மொதல் நாள் தெரியாம கத்திரிக்கா குடுத்துட்டோம். வேணாம்னு சொல்லிச்சு, நாங்க வுடல, ஒரு வாய் போட்டுக்கிச்சு. ஒதடு இப்டி வீங்கிச்சு. வெளிய சொல்லாதீங்கடா, மெஸ்ஸு படுத்துக்கும்னு சொல்லிச்சு. அதுலேர்ந்து தனி."

"நெறைய சாப்பிடுமா?" என்று கேட்டேன்.

"காரத்துல கண்ல தண்ணி வரும். ஆனா இன்னொரு உருண்ட குடுடான்னு கேக்கும். தரையில உக்காந்துதான் துன்னும்." பிறகு என்னையே பார்த்தார். "உனுக்கு தெரியாதா அண்ணா? நீ தம்பிதான?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

அந்தக் கடுகு எண்ணெய் வாசனை எனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மெஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து வரும். "அவனுங்கள இங்க வேணாம்னு சொல்லுக்கா, நாத்தம் தாங்கல" என்று நான் சொல்லியிருக்கிறேன். "மூக்கப் பொத்திக்கினு போடா" என்று அக்கா சிரிப்பார். அது அவர் சாப்பாட்டு வாசனை என்று தெரியாமல் அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

பவுனம்மாவிடம் வந்து இதையெல்லாம் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். பிறகு, "நானும்தான் அடுப்பாண்ட நின்னுகினு இருந்தேன். எனக்கும் நாக்கு கீது. என்ன ஒரு நாளும் உப்பு பாக்கச் சொல்லல. நீ வர்ற வரைக்கும் கொழம்ப எறக்காம வச்சிக்கினு நிக்கும்" என்றார். அவர் ஆறுதலுக்குச் சொன்னாரா, பொறாமையில் சொன்னாரா என்று தெரியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு பெருமைப்பட எனக்கு இனிமேல் தைரியம் இல்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தன் ஆட்டோவில் கொண்டுபோய்க் கூடவே இருந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும், பாடை தூக்க வந்த மெஸ் பிள்ளைகளுக்கும், மெஸ்ஸை ஒரு நாளும் மூடாமல் நடத்திவரும் பவுனம்மாவுக்கும், லீவு போட்டு இன்று காலையிலேயே வந்து அடுப்பு மூட்டிய ரஞ்சனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வாயால் சொல்ல வராததால் எழுத்தில் சொல்கிறேன்.

இன்று பந்தியில் உங்கள் எல்லோருக்கும் எண்ணெய்க் கத்தரிக்காய் உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆவியில் வெந்தது தனியாக இருக்கிறது, கூச்சப்படாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது நல்ல காய். அக்கா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஒத்துக்கொள்ளாதவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

அக்காவின் இலையில் மட்டும் அன்பினால்கூட யாரும் கத்தரிக்காய் வைத்துவிட வேண்டாம். அங்கே பழைய சோறும், சுட்ட உருளைக்கிழங்கு மசியலும் இருக்கும். கடுகு எண்ணெய் வாசனை வரும். படையலில் அந்த எண்ணெயா என்று பெரியவர்கள் கேட்டபோது வேலு, "அம்மாவுக்கு வேணும்" என்று முடித்துவிட்டான். யாரும் மூக்கைப் பொத்த வேண்டாம்.

சற்று முன் ரஞ்சன் பிசைந்து முடித்து, அக்கா செய்வதைப் பார்த்த பழக்கத்தில் ஒரு துளி எடுத்து என் கையில் வைக்க வந்தார். நான் கையை மடக்கிக்கொண்டேன். படையலுக்குச் செய்வதை முன்னால் யாரும் வாயில் வைக்கக் கூடாது. அதனால் உப்பு சரியாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இந்த முறை அக்காதான் பார்க்க வேண்டும்.